தனியோர் அணுவைக் கண்ட வரலாறு

அணு என்பது நம் மொழியில் நெடுங்காலமாக வழங்கிவரும் சொல். வைசேடிகர் பொருளின் பிளக்கவொண்ணாச் சிறு கூற்றினை அச்சொல்லால் குறித்தனர். சைவ சித்தாந்திகளோ உயிரையே அணு என்றனர். விரிந்த இயல்புடைய உயிரை அணுத்தன்மைப்படுத்திச் சுருக்குவதால்தான் மலத்திற்கு ஆணவம் என்னும் பெயர் வந்தது என்றும் விளக்கினர். கிரேக்க நாட்டில் டெமாக்ரிட்டஸ் வழிவந்தோர் 'வெட்டவியலாதது' என்னும் பொருளில் தம் மொழியில் ஒரு பெயர் வைத்தனர். இவையாவும் சிந்தனையால் எய்திய முடிவுகள். இவர்களுள் எவரும் ஓர் அணுவைக் கண்டு பேசியவரல்லர். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் காணாமலே பேசப்பட்ட அப்பொருளுள் ஒன்றை, ஒன்றே ஒன்றை, இன்ன தனிமத்தின் அணு என்று பெயர் சுட்டி மனிதர் அறிந்தது 1976-77ஆம் ஆண்டுகளில்தான்.

கவிஞர்கள் கூடும் இம்மலரில் இவ்வரலாற்றை எழுத முற்பட்டதற்குக் காரணம் உண்டு. கூட்டத்தைப் பற்றிப் பேசுவது எளிது. கூட்டத்தினுள் ஒருவரை அறிவது அரிது. கவிதை எழுதுவார் இவ்விடர்ப்பாட்டை நன்கறிவர். இயற்பியலாளரும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இதே இடர்ப்பாட்டில் கிடந்தனர். அவர்கள் அதனைக் கடந்த வழி ஒளியின் வழி. அதிலும் குறிப்பாக, ஒரு நிறத்தின் வழி.

ஐயமும் சராசரியும்

ஜான் டால்டன் 1808இல் தம் வேதியியல் நூலை வெளியிட்டபின் அணுவின்றி வேதியியல் நடவாது என்னும் நிலை உருவாயிற்று. ஆயினும் அணு உண்மையிலேயே இருக்கிறதா, கணக்கிடுவதற்கு உதவும் கற்பனைதானா என்னும் வழக்கு அந்நூற்றாண்டு முழுவதும் தீரவில்லை. வியன்னாவில் எர்ன்ஸ்ட் மாக் என்னும் பேரறிஞர், அணுவைப் பற்றி எவரேனும் வாயெடுத்தால், ஒன்றையாவது கண்டதுண்டா என்று கேட்பாராம். அதே நகரில் அணுக்கொள்கையை உயிர்மூச்சாகக் கொண்டிருந்த லுட்விக் போல்ட்ஸ்மன் 1906இல் துயினோ என்னும் கடற்கரையூரில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அணுக்கொள்கைக்கு எழுந்த எதிர்ப்பே அவரைக் கொன்றது என்று கதைபோலச் சொல்லிவருகின்றனர். நான் அதனை ஏற்பதற்கில்லை. நெடுநாள் நோயும் மனச்சோர்வும் அவரை வாட்டியிருந்தன. ஒரு மனிதரின் துயரை ஒரு கொள்கையின் வரலாற்றுக்கு அணியாக்குவது முறையன்று.

அவர் மறைவதற்கு ஓராண்டு முன்பே, 1905இல், நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஓயாது துள்ளுவதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகளின் மோதலே என்று ஐன்ஸ்டீன் கணக்கிட்டுக் காட்டியிருந்தார். பாரிசில் ஷான் பெரன் 1908 முதல் அத்துள்ளலை நுண்ணோக்கியின்கீழ் அளந்து அக்கணக்கை மெய்ப்பித்தார். எதிரணியில் நின்ற ஆஸ்ட்வால்டும் 1909இல் அணுவை ஒப்புக்கொண்டார். வழக்கு முடிந்தது.

முடிந்ததாயினும் ஒன்று எஞ்சி நின்றது. பெரன் அளந்தது இத்தனை எடையில் இத்தனை அணுக்கள் என்னும் தொகையே. ஊரின் மக்கள்தொகையை அறிந்தவர், அவ்வூரில் ஒருவரையும் அறிந்தவராகிவிடமாட்டார். இக்குறையை வெளிப்படையாகச் சொன்னவர் அலை இயக்கவியலைத் தந்த எர்வின் ஷ்ரோடிங்கர். 1952இல் எழுதிய கட்டுரையொன்றில் அவர், ஒற்றை எலெக்ட்ரானையோ ஒற்றை அணுவையோ வைத்து நாம் சோதனை செய்வதே இல்லை, எண்ணத்தில் மட்டுமே அவ்வாறு செய்கிறோம் என்று கூறினார். என்றோ மறைந்துபோன கடல்வாழ் ஊர்வனவற்றை விலங்குக் காட்சிச் சாலையில் வளர்க்க இயலாமைக்கு அதனை ஒப்பிட்டார். பெரியோர் 'இயலாது' என்று சொல்லுமிடங்களை வரலாற்றாசிரியர் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

மறையும்போது மட்டும் தெரிந்தவை

ஷ்ரோடிங்கர் கூற்றுக்கு விலக்கொன்று அப்போதே இருந்தது. 1903இல் வில்லியம் குரூக்ஸ் சிறு குழலொன்றின் அடியில் துத்தநாக சல்பைடு பூசிய திரை வைத்து, அதன்மேல் ரேடியத்தின் மிகச்சிறு துளியை நிறுத்தினார். இருட்டில் உற்று நோக்கினால் திரையில் மின்மினிபோலப் பொறிகள் தோன்றி மறையும். ஒவ்வொரு பொறியும் ஓர் அணு சிதைந்தபோது பாய்ந்த துகள் பட்ட இடம். 1908இல் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டும் கைகரும் அத்துகள்களைக் கண்ணால் எண்ணாமல் மின் துடிப்பாக எண்ணும் கருவியைச் சமைத்தனர். வளிமம் நிறைந்த குழலில் மெல்லிய கம்பியொன்றை உயர்ந்த மின்னழுத்தத்தில் நிறுத்துவர். உள்ளே விழும் துகள் கிளப்பிவிடும் எலெக்ட்ரான்கள் கம்பியை நோக்கி ஓடுகையில், வழியிலுள்ள அணுக்களை மோதி மேலும் பல எலெக்ட்ரான்களைக் கிளப்பும். சிறுகல் உருண்டு மலைச்சரிவாவதுபோல ஒன்று பலவாகி, அளக்கத்தக்க துடிப்பாகும். இக்கருவி இக்கட்டுரையில் பின்னும் வரும், நினைவில் கொள்க.

இவ்வகையில் அறியப்பட்ட அணுக்கள் யாவும் சிதைந்துபோன அணுக்கள். தன் இருப்பை ஓர் அணு அறிவிக்கும் தருணம் அது அழியும் தருணமாகவே இருந்தது. சிதையாது அமைதியாக இருக்கும் அணு, அது இருக்கும்வரை அறியப்படாமலே இருந்தது. கதிரியக்கமற்ற தனிமங்களின் அணுக்களோ என்றுமே தம்மை அறிவிப்பதில்லை.

1955 அக்டோபரில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் எர்வின் முல்லரும், அவரிடம் ஆய்வு மாணவராயிருந்த இந்தியர் கன்வர் பகதூரும் குளிரூட்டப்பட்ட டங்ஸ்டன் ஊசியின் முனையிலுள்ள அணுக்களை, கோவில் விளக்கு வரிசைபோல ஒளிப்புள்ளிகளாகத் திரையில் கண்டனர். அணுக்களைத் தனித்தனியே வரிசையாகப் பார்த்தவருள் அவ்விருவரே முதல்வர். நம் நாட்டு மாணவர் பெயர் பாடநூல்களில் இன்னும் உரிய இடம் பெறவில்லை என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். ஆயினும் அம்முறை அணுவின் இருப்பிடத்தைக் காட்டியதேயன்றி, அது எத்தனிமத்தைச் சார்ந்தது என்று உரைக்கவில்லை. எல்லாப் புள்ளிகளும் ஒளிப்புள்ளிகளே. பல்லாயிரம் கோடி அணுக்களிடையே வேறு தனிமத்து அணு ஒன்று கலந்திருந்தால் அதனைப் பிரித்தறிய அது போதாது. அதற்கு வேண்டியது பெயர் சொல்லி அழைக்கும் குரல்.

நீலக் கோடு

அக்குரல் அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் ஒலித்திருந்தது. அங்கே வேதியியல் பேராசிரியர் ராபர்ட் புன்சனும் இயற்பியல் பேராசிரியர் குஸ்தாவ் கிர்க்காஃபும் 1859 முதல் கூடி உழைத்தனர். உப்பொன்றைச் சுடரில் இட்டு, அச்சுடரின் ஒளியை முப்பட்டகத்தின் வழியே பிரித்தால் நிறமாலையில் சில ஒளிக்கோடுகள் தோன்றும். எத்தனிமமாயினும் அதற்கே உரிய கோடுகள் உண்டு. ஒன்றின் கோடு மற்றொன்றுக்கு வாராது. அருகிலுள்ள மன்ஹைம் நகரில் ஓரிரவு தீப்பற்றியபோது, அவர்கள் ஹைடல்பர்க்கிலிருந்தே தம் கருவியை அத்தீயை நோக்கித் திருப்பி, அதில் பேரியமும் ஸ்ட்ரான்ஷியமும் எரிவதைக் கண்டறிந்தனர் என்று கூறுவர். பேரியத்தையும் ஹைடல்பர்க்கையும் நினைவில் வைத்திருப்பது நல்லது. அவை மீண்டும் வரும்.

1860இல் டூர்க்ஹைம் என்னும் ஊரின் ஊற்றுநீரைச் சுண்டக் காய்ச்சி ஆராய்ந்தபோது, அறிந்த தனிமம் எதற்கும் பொருந்தாத இரு நீலக் கோடுகள் அருகருகே தெரிந்தன. வானத்தின் நீலத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக் கொண்டு அப்புதிய தனிமத்திற்குச் சீசியம் என்று பெயரிட்டனர். கண்ணுக்குத் தெரிந்த நிறத்தையே பெயராக வைத்தது அழகிய செயல். அதன் உப்பைச் சிறிதளவேனும் கைக்கொள்ளும் பொருட்டு ஏறத்தாழ 40 டன் ஊற்றுநீரை அவர்கள் காய்ச்ச வேண்டியிருந்தது.

கோடுகள் ஏன் தோன்றுகின்றன என்பதற்கு 1913இல் நீல்ஸ் போர் காரணம் தந்தார். அணுவினுள் எலெக்ட்ரான் நிற்கத்தக்க ஆற்றல் நிலைகள் படிக்கட்டின் படிகள்போலத் தனித்தனியானவை. ஒரு படியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகையில், அவ்விரு படிகளின் இடைவெளிக்குச் சரியான ஆற்றலுடைய ஒளியையே அது வாங்கும் அல்லது விடும். ஆற்றல் மாறினால் நிறம் மாறும். தனிமத்துக்குத் தனிமம் படிக்கட்டின் அளவுகள் வேறு. எனவே சரியான நிறத்தை மட்டும் வீசினால் கோடானுகோடி அணுக்கள் வாளாவிருக்க, அந்நிறத்துக்கு உரிய தனிமத்தின் அணு மட்டும் விடை சொல்லும்.

தத்துவம் எளிது, ஆயினும் கருவி இல்லை. விளக்கின் ஒளி பல நிறங்களின் கலவை. அதில் ஒரு நிறத்தை வடிகட்டி எடுத்தால் எஞ்சுவது மிகச் சிறிது. அணு ஒன்றைக் கட்டாயமாக விடை சொல்ல வைக்கும் வலிமை அதற்குப் போதாது.

சாயத்தில் பிறந்த ஒளி

1960 மே மாதத்தில் தியடோர் மைமன் மாணிக்கக் கல்லைக் கொண்டு முதல் லேசரை ஒளிரச் செய்தார். சீரொளி என்னும் அழகிய சொல் நம்மிடம் உண்டு. ஆயினும் வழக்கில் நிலைத்துவிட்ட லேசர் என்பதையே இங்குக் கையாளுகிறேன். ஒரே நிறம், ஒரே திசை, மிகுந்த செறிவு ஆகியவை அதன் இயல்புகள். ஆனால் மாணிக்கம் தரும் சிவப்பு அதன் விருப்பப்படியான சிவப்பே. நாம் வேண்டும் நிறமன்று. வீணையில் ஒரு தந்தி மட்டும், அதுவும் முறுக்க முடியாததாய் இருந்தால் எப்படியோ அப்படி. முறுக்காணியைத் தந்தது 1966இல் அமெரிக்காவில் பீட்டர் சோரோக்கினும் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஷேஃபரும் தனித்தனியே கண்ட சாய லேசர். துணிக்கிடும் சாயங்களை ஒத்த கரிமச் சாயங்களின் கரைசலை ஒளியால் தூண்டினால், அது பரந்த நிறவரம்பில் ஒளிரும். அவ்வரம்பினுள் வேண்டிய நிறத்தைத் துல்லியமாகத் தேர்ந்து பெருக்கலாம்.

இதனைத் தனி அணுவுக்குக் கொண்டுசென்றவர் சாமுவேல் ஹர்ஸ்ட். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 1927இல் பிறந்தவர். இன்று நாம் விரலால் தொட்டு இயக்கும் தொடுதிரைகளின் முன்னோடிக் கருவியொன்றை 1970களின் தொடக்கத்தில் உருவாக்கியவரும் இவரே. அவர் பணியாற்றிய ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடம் டென்னசி மாநிலத்தில் போர்க்காலத்தில் எழுப்பப்பட்ட ஊரில் உள்ளது. ஹிரோஷிமாமேல் 1945இல் வீழ்ந்த குண்டுக்குரிய யுரேனியம் அவ்வூரில்தான் பிரித்தெடுக்கப்பட்டது. ஒரே தனிமத்தின் இருவகை அணுக்களை எடையின் மிகச்சிறு வேறுபாட்டால் பிரிக்க, அன்று அங்கே பல்லாயிரவர் இரவும் பகலும் உழைத்தனர். அவர்களுள் பலர் தாம் செய்வது இன்னதென்றே அறிந்திலர்.

ஹர்ஸ்ட் ஓரணுவைத் தேடிப் புறப்பட்டவரல்லர். கதிர்வீச்சு வளிமத்தில் பாயும்போது அதன் ஆற்றல் எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதே அவரது கேள்வி. ஹீலிய வளிமத்தில் புரோட்டான்களைப் பாய்ச்சி, அதனால் கிளர்ச்சியுற்ற ஹீலிய அணுக்கள் எத்தனை என்று எண்ண விரும்பினார். அவற்றை லேசரால் தூண்டி எலெக்ட்ரானை வெளியேற்றி எண்ணலாம் என்று கண்டு, அவரும் துணைவரும் 1975இல் அதனை வெளியிட்டனர். அம்முறையில் ஒரு சிறப்பு இருந்தது. லேசர் ஒளி போதிய செறிவுடையதாயின், ஒளிக்கற்றையினுள் இருக்கும் உரிய அணுக்களுள் ஒன்றுகூடத் தப்புவதில்லை. ஒன்றும் தப்பாதெனில், ஒன்றே இருந்தாலும் தெரிய வேண்டுமன்றோ? ஹீலியத்துக்காக வகுத்த வழி இவ்வாறு வேறொரு வாயிலைத் திறந்தது.

ஹர்ஸ்ட், முனீர் நய்ஃபே, ஜாக் யங் மூவரும் தேர்ந்தெடுத்த தனிமம் சீசியம். ரூதர்ஃபோர்டு, கைகர் மரபில் வந்த எண்ணுங்குழலை எடுத்தனர். அதனுள் பத்தில் ஒன்பது பங்கு ஆர்கானும் ஒரு பங்கு மீத்தேனும் நிரப்பினர். அவ்வளிமத்தில் மிகமிகச் சிறிதளவு சீசிய ஆவி கலந்தது. சாய லேசரை நீல நிறத்துக்கு முறுக்கினர். புன்சனும் கிர்க்காஃபும் 1860இல் ஊற்றுநீரில் கண்டு பெயர் வைத்தார்களே, அந்த இரட்டை நீலக் கோடுகளுள் ஒன்றின் நிறத்துக்கே. முதல் ஒளித்துகள் சீசியத்தின் எலெக்ட்ரானை உயர்ந்த படிக்கு ஏற்றும். அது இறங்குவதற்குள் அதே நிறத்து இரண்டாம் ஒளித்துகள் தாக்கி, எலெக்ட்ரானை அணுவைவிட்டே வெளியேற்றும். ஒரு துகளால் மட்டும் அவ்வெலெக்ட்ரானைப் பெயர்க்க முடியாது, இரண்டு வேண்டும். ஆர்கானுக்கோ அந்நீலம் பொருந்தும் படியே இல்லை. ஆகவே அது அசையாது. வெளியேறிய ஒற்றை எலெக்ட்ரான் கம்பியை நோக்கி ஓடிப் பலவாய்ப் பெருகித் துடிப்பாகும்.

சீசியத்தின் அளவைக் குறைத்துக்கொண்டே வந்தனர். இறுதியில் லேசர் துடிக்கும் ஒவ்வொரு முறையும் கற்றையினுள் சராசரியாக ஓரணுகூட இல்லாத நிலை வந்தது. சிலமுறை வெறுமை, சிலமுறை ஒன்று, அரிதாக இரண்டு. அந்த ஒன்றைச் சூழ்ந்து நின்ற ஏனைய அணுக்கள் ஒன்றின்பின் பத்தொன்பது சுழிகள் இட்ட தொகையின; நம் கணக்கில் ஒரு லட்சம் கோடி கோடி. 40 டன் நீரைக் காய்ச்சிப் பெற்ற பொருளை, அதே நீலத்தைக் கொண்டு ஓரணுவாகக் கண்டறிய 116 ஆண்டுகள் ஆயின. 1977இல் முடிவுகள் வெளிவந்தன.

அடுத்த ஆண்டு அக்குழுவினர் வெளியிட்ட மற்றொரு சோதனையை நான் இதனினும் வியக்கத்தக்கதாகக் கருதுகிறேன். கலிஃபோர்னியம்-252 என்னும் கனமான தனிமம் தானே பிளவுபடும். அப்பிளவில் சிலபோது பிறக்கும் சேய்களுள் ஒன்று சீசியம். பிளவு நிகழ்ந்த குறிப்பு கிடைத்த உடனே லேசரை வீசி, பிறந்த அச்சீசிய அணு ஒன்றையே பிடித்துக் காட்டினர். குரூக்ஸ் காலம் முதல் அழிவினால் மட்டுமே அறியப்பட்டுவந்த ஓரணு, அன்று பிறப்பில் அறியப்பட்டது.

ஹர்ஸ்ட் தனியராய் நின்று வென்றார் என்று எழுதினால் அது பிழையாகும். ஸ்டான்ஃபோர்டில் ஃபேர்பேங்க், ஹென்ஷ், ஷாலோ ஆகியோர் 1975இலேயே சோடியத்தின் மஞ்சள் ஒளியைக் கொண்டு, ஒரு கன சென்டிமீட்டருக்கு நூறு அணுக்கள் என்னும் அளவு நுண்ணிய ஆவியை அளந்துவிட்டனர். அவர்கள் எலெக்ட்ரானைப் பறிக்கவில்லை. அணு மீண்டும் மீண்டும் வாங்கி விடும் ஒளியையே எண்ணினர். மாஸ்கோவை அடுத்த திரோய்ட்ஸ்க்கில் விளாதிலேன் லெட்டோகோவ் குழுவினரும் லேசரால் அணுக்களைத் தேர்ந்து அயனியாக்கும் துறையில் முன்னணியில் இருந்தனர்.

நாடுகள் இத்துறைக்குப் பொருள் வழங்கியது தூய அறிவின்மேல் கொண்ட காதலால் மட்டுமன்று என்பதையும் மறைத்தல் கூடாது. ஒருவகை யுரேனிய அணுவை மட்டும் நிறத்தால் தேர்ந்து பிரித்தெடுக்கலாம் என்பதே அரசுகளை ஈர்த்தது. அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் 1970களில் தொடங்கிய அப்பெருந்திட்டம் 1999இல் கைவிடப்பட்டது.

மீண்டும் ஹைடல்பர்க்

1980இல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் நாய்ஹவுசர், ஹோஹன்ஷ்டாட், டோஷெக், டேமல்ட் ஆகிய நால்வர், மின்புலத்தால் அமைத்த பொறியில் பேரியத்தின் ஒற்றை அயனியைத் தொங்கவிட்டு, லேசரால் குளிர்வித்து, அதன் ஒளியை நிழற்படம் எடுத்தனர். தீயின் நிறமாலையில் பேரியம் தெரிந்ததாகச் சொல்லப்படும் அதே ஊர். டேமல்ட் பின்னாளில் சியாட்டிலில் நெடுநாள் வைத்திருந்த பேரிய அயனிக்கு ஆஸ்ட்ரிட் என்று பெண்பெயரும் சூட்டினார். ஓரணுவுக்குப் பெயர் வைப்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் ஒன்றேயாய், நாள்தோறும் அங்கேயே இருப்பதற்குப் பெயர் வைப்பதில் வியப்பென்ன? 1986இல் அவர் குழுவினர் அத்தகைய ஒற்றை அயனி திடீரென இருண்டு, திடீரென ஒளிர்வதைக் கண்டனர். ஷ்ரோடிங்கர் 1952இல் மறுத்த தாவல் அதுவே. 1989இல் டேமல்ட்டும் வோல்ஃப்காங் பௌலும் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். 2018இல் ஆக்ஸ்போர்டு ஆய்வு மாணவர் ஒருவர் சாதாரண நிழற்படக் கருவியால் எடுத்த ஒற்றை ஸ்ட்ரான்ஷியப் புள்ளியின் படம் பரிசு பெற்று உலகெங்கும் பரவியது. மங்கிய ஊதாப் புள்ளி. உற்று நோக்கினாலன்றித் தெரியாது.

மறைந்தது என்னும் பெயருடையது

இவ்வறிவால் மக்கள் வாழ்வுக்கு என்ன பயன் என்று கேட்போர்க்கு விடை, வேறொரு தனிமத்தில் இருக்கிறது. 1898இல் ராம்சேயும் டிராவர்சும் காற்றிலிருந்து பிரித்தெடுத்த அரிய வளிமத்துக்குக் கிரேக்க மொழியில் 'மறைந்தது' என்று பொருள்படும் கிரிப்டான் என்னும் பெயரை இட்டனர். அது எதனோடும் எளிதில் கூடாது. வான்வெளிக் கதிர்கள் வளிமண்டலத்தின் உயரத்தில் மோதுவதால் கிரிப்டான்-81 என்னும் அதன் கதிரியக்க வகை சிறிதளவு உண்டாகிறது. அதன் அரைவாழ்வு ஏறத்தாழ 2,29,000 ஆண்டுகள். மழைநீரில் கரைந்து மண்ணுக்குள் இறங்கியபின் புதிதாக அது சேர்வதில்லை. இருப்பது மெல்ல மெல்லக் குறையும். ஆகவே ஆழத்து நீரில் எஞ்சிய கிரிப்டான்-81ஐ எண்ணினால், அந்நீர் வானத்தைப் பிரிந்து எத்தனை காலமாயிற்று என்று சொல்லலாம். கார்பன்-14 ஏறத்தாழ ஐம்பதாயிரம் ஆண்டுகளோடு வாய்மூடிவிடும். இது பத்து லட்சம் ஆண்டுகள் வரை பேசும்.

எண்ணுவதுதான் எப்படி? ஒரு லட்சம் கோடி கிரிப்டான் அணுக்களில் ஒன்றுகூட இவ்வகையினதன்று. ஒரு லிட்டர் புதுநீரில் இவை ஏறத்தாழ ஆயிரம் மட்டுமே. பழைய முறைப்படி அவை சிதையும்வரை காத்திருந்து எண்ணுவதாயின், அந்த ஆயிரத்தில் ஒன்று சிதைவதைக் காணச் சராசரியாக முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் லூஸ்லியும் ஊஷ்கரும் 1969இல் காற்றில் இவ்வகை இருப்பதைச் சிதைவு வழியே கண்டறிந்திருந்தனர். நிலத்தடி நீருக்கு அவ்வழி போதாது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1980களில் பெர்ன் குழுவினர் ஹர்ஸ்ட் குழுவினரோடு சேர்ந்தது இதனால்தான். உயிரோடிருக்கும் ஆயிரத்தையும் எண்ண வல்ல முறை இருக்கையில், முந்நூறு ஆண்டுகள் ஓர் இறப்புக்குக் காத்திருப்பானேன்? அம்முயற்சிகள் ஓரளவே வெற்றி கண்டன. மற்ற வகைக் கிரிப்டானை முற்றிலும் விலக்குவது அரிதாயிருந்தது.

1999இல் சிகாகோவை அடுத்த ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்தில் ஷெங் தியான் லூவும் துணைவரும் அதனைத் தீர்த்தனர். (ஆய்வுக்கூடத்தின் பெயருக்கும் ஆர்கான் வளிமத்துக்கும் தொடர்பில்லை.) அவர்கள் அணுவைச் சுட்டு வீழ்த்தாமல் பிடித்து வைத்தனர். வேகமாகப் பறக்கும் கிரிப்டான் அணுவை எதிரே வரும் லேசர் ஒளி தள்ளித் தள்ளித் தளர்விக்கும். பின்னர் ஆறு திசைகளினின்றும் வரும் கற்றைகளும் காந்தப் புலமும் கூடுமிடத்தில் அது சிக்கும். சிக்கிய அணு நொடிக்குப் பல லட்சம் முறை ஒளியை வாங்கி விட்டுக்கொண்டிருக்கும். அவ்வொளியை உணர்கருவி காணும். லேசரின் நிறம் கிரிப்டான்-81க்கே உரியதாய் முறுக்கப்பட்டிருப்பதால், பிறவகை அணுக்கள் தளர்வதுமில்லை, சிக்குவதுமில்லை. ஒருமுறை ஏமாற்றலாம், பல லட்சம் முறை தொடர்ந்து ஏமாற்ற முடியாது. ஒன்று சிக்கினால் ஒளி ஒரு படி உயரும், தப்பினால் இறங்கும். ஒன்று, ஒன்று, ஒன்று என்று எண்ணலாம்.

2004இல் நீல் ஸ்டர்ச்சியோ தலைமையில் எகிப்தின் மேற்குப் பாலைவனத்துப் பாலைச்சோலைகளின் ஆழ்கிணற்று நீர் இம்முறையால் ஆராயப்பட்டது. அந்நீர் மண்ணுக்குள் இறங்கியது இரண்டு லட்சம் முதல் பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு என்று முடிவாயிற்று. அவற்றுள் மிகப் பழையது மழையாக விழுந்த காலத்தில் நம்மினமாகிய மனிதர் தோன்றவேயில்லை. 2014இல் அண்டார்க்டிகாவின் டெய்லர் பனியாற்றில் ஏறத்தாழ 350 கிலோ எடையுள்ள பனிக்கட்டிகளை உருக்கி, அவற்றுள் அடைபட்டிருந்த காற்றிலிருந்து எடுத்த கிரிப்டானை எண்ணிய ஆய்வு வெளிவந்தது; ஒரு பகுதிப் பனியின் வயது 1,20,000 ஆண்டுகள் என்று தெரிந்தது. இன்னும் பழைய பனியைத் தேடுவோர்க்கு அது வழிகாட்டியாயிற்று.

எகிப்தின் அந்த நீர் எகிப்துக்கு மட்டும் உரியதன்று. நூபிய மணற்கற்பாறையில் தேங்கிய அது லிபியா, சூடான், சாடு நாடுகளின் அடியிலும் பரந்து கிடக்கிறது. பாலைவனத்தினின்று கடற்கரை நகரங்களுக்கு நீர் கொண்டுசெல்ல லிபியா 1984இல் தொடங்கிய பெருங்குழாய்த் திட்டம் அப்பாறையிலிருந்தும் இறைக்கிறது. பாலைச்சோலைகளில் பேரீச்சைக்கும் கோதுமைக்கும் பாய்வதும் அதே நீர். அப்பாலைவனத்தில் இன்று பெய்யும் மழையோ ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர். இறைத்ததை ஈடுசெய்ய அதனால் ஆகாது.